பின்னுக்கு இழுத்த கால்

ஜனவரி 9

அக்கா,

கவரின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்திருப்பாய். அம்மா நன்றாக இருக்கிறாள். நான் எழுதுவது அவளுக்குத் தெரியாது. கிழித்துப் போடுவதாக இருந்தாலும் முழுக்கப் படித்துவிட்டுக் கிழி.

போனில் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் போனை எடுத்தாலே எனக்குப் பேச்சு வராது, உனக்குத் தெரியாததா? வீட்டில் பேசினால் அம்மா காதில் விழும். வேலை செய்கிற இடத்தில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள்.

ஆமாம், நான் வேலைக்குப் போகிறேன். அப்பா வேலை பார்த்த அதே சாலைப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையம்தான். உங்கள் அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று பள்ளிக்கூடத்தில் கேட்டால் "நடக்கிறார்" என்று சொல்லிவிட்டு நீ சிரிப்பாயே, அந்த இடம். ஒன்பதாவதோடு படிப்பை விட்ட பெண்ணை எடுத்துக்கொள்வார்களா என்று பயந்துதான் போனேன். கண் நன்றாகத் தெரிந்தால் போதும் என்றார்கள். யாரிடமும் பேசவேண்டியதில்லை என்றும் சொன்னார்கள். அப்போதே சரி என்றுவிட்டேன்.

டிரைவர் இல்லாமல் தானாக ஓடும் வண்டிகளை அங்கே பழக்குகிறார்கள். சாலை ஓரத்தில் நிற்கும் ஆள் குறுக்கே வரப்போகிறாரா, இல்லை சும்மா நிற்கிறாரா என்பது வண்டிக்குத் தெரியாது. அதை மனிதர்களைப் பார்த்துத்தான் அது கற்றுக்கொள்ள வேண்டும். எங்கள் அறையில் வரிசையாகத் திரைகள். திரையில் ஒரு தெரு வரும். நடைபாதையில் சாம்பல் நிறத்தில் ஓர் உருவம் வந்து நிற்கும். சட்டென்று படம் நின்றுவிடும். கடப்பார், கடக்கமாட்டார் என்று இரண்டு பொத்தான்கள். ஒன்றை நாங்கள் அழுத்த வேண்டும். எங்கள் பதில்களைத்தான் வண்டிக்குப் பாடமாக வைக்கிறார்கள்.

அந்த உருவங்களுக்கு நிழல் உண்டு, முகம் கிடையாது. ஆனால் நடை நிஜமான ஆட்களுடையது. உடம்பெல்லாம் சின்ன வெள்ளை உருண்டைகளை ஒட்டி அவர்களை நடக்கவிட்டுப் பதிவு செய்திருக்கிறார்கள். அவர்கள் யாரென்று ஒருவருக்கும் தெரியக் கூடாது என்பது அங்கே கண்டிப்பான விதி. யாருக்காவது அடையாளம் தெரிந்துவிட்டால் அந்தப் பதிவையே அழித்துவிடுவார்களாம். நடப்பவர்களுக்கு அப்படி வாக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

அக்கா, அதில் ஒருவர் இடது தோளைத் தாழ்த்திக்கொண்டு வருகிறார். ஓரத்தில் நிற்கிறார். ஒரு காலைக் கீழே வைக்கிறார். பிறகு பின்னுக்கு இழுத்து, செருப்பில் ஏதோ ஒட்டியதுபோல ஓரத்தில் ஒரு தேய் தேய்க்கிறார்.

அப்பா.

நான் யாரிடமும் சொல்லவில்லை. ஏப்ரல் முதல் வாரத்தில் பார்வையாளர் நாள் வருகிறது. வீட்டு ஆட்களை உள்ளே விடுவார்கள். நீ வா. யாரிடமும் ஒன்றும் சொல்ல வேண்டாம். என் பின்னால் நின்று பார்த்தால் போதும்.

உன் தங்கை


ஜனவரி 21

சுண்டெலிக்கு,

கிழிக்கவில்லை. முதல் பக்கத்திலேயே கிழித்திருப்பேன். ஆனால் நீ இத்தனை வார்த்தை சேர்த்து எழுதி நான் பார்த்ததில்லை. அந்த ஆச்சரியத்தில் மீதியையும் படித்துவிட்டேன்.

தோளைச் சாய்த்து நடக்கிற ஆள் உலகத்தில் ஒருவர்தானா? என் வீட்டுக்காரரின் மேனேஜர்கூட அப்படித்தான் நடக்கிறார். உனக்கு அப்பாவைப் பார்க்க வேண்டும்போல இருக்கிறது, அதனால் பார்க்கிறாய். நான் குறை சொல்லவில்லை.

ஆனால் எனக்கு அந்த ஏக்கம் இருக்கும் என்று எந்த உரிமையில் நினைத்துக்கொண்டாய்? நான் விரும்பியவரைக் கட்டிக்கொண்டதற்காக, இந்த வாசலை மிதிக்காதே என்றார். மிதிக்கவில்லை. என் பையன் பிறந்தபோது போட்டோ அனுப்பினேன். பதில் இல்லை. கடைசியில் அவர் போன செய்திகூட எல்லாம் முடிந்த பிறகு, கடைத்தெருவில் பார்த்த பழைய சிநேகிதி சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீயாவது சொல்லியிருக்கலாம். போனில் பேச்சு வராது, சரி. மூச்சு விட்டிருந்தால்கூடப் புரிந்துகொண்டிருப்பேன்.

முகம் இருந்தபோதே என்னைப் பார்க்காதவர். முகம் இல்லாமல் நிற்கும்போது நான் பஸ் ஏறி வந்து பார்க்க வேண்டுமா?

ஒன்று மட்டும் எழுது. அந்தத் திரையில் வண்டி அவர்மேல் மோதுகிறதா?

இன்னொன்றும் எழுது. அன்றைக்கு என்னதான் நடந்தது? எனக்கு யாரும் ஒழுங்காகச் சொல்லவில்லை.

அக்கா


பிப்ரவரி 3

அக்கா,

மோதவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

பொத்தானை அழுத்திய பிறகு படம் மறுபடி ஓடும். மற்ற உருவங்களில் பாதிப் பேர் தயங்கி நின்றுவிட்டுப் பிறகு கடந்துவிடுவார்கள். அப்பா ஒரு தடவைகூடக் கடப்பதில்லை. மழை பெய்யும் தெருவில் நிற்க வைத்தாலும், வெயிலில் நிற்க வைத்தாலும், காலை வைப்பார், இழுப்பார், வண்டி போகட்டும் என்று நிற்பார். நம் இருவரையும் கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டு அப்படித்தானே நிற்பார்? படம் நிற்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும். கடக்கமாட்டார். அழுத்திவிடுவேன்.

அதனால் எனக்கு அங்கே நல்ல பெயர். எங்கள் பிரிவை நடத்தும் மேடம் ஒருநாள் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, தயங்கிக் கடக்காமலே நிற்கிறவர்களை இவ்வளவு சரியாக யாரும் சொன்னதில்லை என்றார். அந்தப் படங்களை எல்லாம் இப்போது எனக்கே கொடுக்கிறார்கள். மற்றவர்கள் பதிலைவிட என் பதிலுக்கு மதிப்பு அதிகமாம். பக்கத்து மேஜைக்காரி, "வாயத் தொறக்காதவங்களுக்குத்தான் வாயில்லாதவங்க மனசு புரியும்போல" என்று கிண்டல் செய்கிறாள். எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆனால் சந்தோஷமாகவும் இருந்தது.

சாயங்காலம் திரையை அணைக்கும்போதுதான் கஷ்டம். அவரை ஓரத்திலேயே நிற்க வைத்துவிட்டு நான் மட்டும் வீட்டுக்கு வருகிறேன். அம்மா முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அன்றைக்கு நடந்தது இதுதான். அப்பா வேலை முடிந்து வந்துகொண்டிருந்தார். மரக்கடைக்கு எதிரே அகலமான சாலை இருக்கிறதே, அங்கே. ஒரு லாரி வந்தது. அப்பா காலை வைத்தார், இழுத்தார். பிறகு குறுக்கே போய்விட்டார். லாரிக்காரர் போலீஸில் அழுதுகொண்டே சொன்னாராம்: "காலப் பின்னால எடுத்தாருங்க. நிக்கிறாருன்னு நெனச்சேன்." அந்த ஆளை நான் இன்னும் மன்னிக்கவில்லை. நினைத்தாராம்.

எதிர்ப்பக்கத்தில்தான் உன் ஊருக்குப் போகும் பஸ் நிற்கும். அப்பா கையில் பை எதுவும் இல்லை. அதனால் உன்னிடம் வரக் கிளம்பினார் என்று என்னால் சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. எதற்காக அன்றைக்கு மட்டும் போனார் என்று எனக்குத் தெரியாது அக்கா.

உனக்குச் சொல்லாதது தப்புதான். அம்மா சொல்லக் கூடாது என்றாள். நான் கேட்டுக்கொண்டேன்.

தங்கை


பிப்ரவரி 15

சுண்டெலி,

வருகிறேன்.

அந்தப் பஸ் விஷயத்தை நீ எழுதியிருக்கக் கூடாது. எழுதாமல் இருந்திருந்தாலும் உன்னைச் சும்மா விட்டிருக்க மாட்டேன். உன் கடிதம் வந்ததிலிருந்து நான் ரோட்டில் போகிற ஆண்களின் காலையே பார்த்துக்கொண்டு நடக்கிறேன். ஊர் என்ன நினைக்குமோ. நேற்று வாசல்படியில் நானே ஒரு காலை வைத்து இழுத்துப் பார்த்தேன். செருப்பைத் தேய்த்தும் பார்த்தேன். பையன் அதைப் பார்த்துவிட்டுத் தானும் தேய்க்கிறான். அவரை இவன் பார்த்ததே இல்லை. கால் இப்படித் தேய்க்கிறது.

ஏப்ரலுக்கு லீவு சொல்லிவிட்டேன். நான் வேலை பார்க்கும் தையல் கூடத்தில் சூப்பர்வைசர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், வைத்துக்கொள்ளட்டும். உன் அத்தான் பையனைப் பார்த்துக்கொள்வார். அம்மா வீட்டுக்கு வரமாட்டேன். நேராக உன் நிலையத்துக்கு வந்து, பார்த்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன்.

அவரிடம் பேச எதுவும் இல்லை. திட்டவும் இல்லை. அவர் நடப்பதைப் பார்த்து வருஷங்கள் ஆகின்றன. அது மட்டும்தான்.

இங்கே ஆஸ்பத்திரியிலிருந்து ரயில் நிலையம் வரைக்கும் டிரைவர் இல்லாத மினிபஸ் விடப்போவதாகப் பலகை வைத்திருக்கிறார்கள். மார்ச் கடைசியிலாம். உன் நிலையத்தின் பெயர்தான் கீழே போட்டிருக்கிறது. என் தங்கச்சி பழக்கின வண்டி என்று தையல் கூடத்தில் பெருமை அடித்துக்கொண்டேன்.

நான் வரும்வரை அவரைப் பத்திரமாக வைத்திரு. எங்கேயும் போகவிடாதே.

அக்கா


மார்ச் 6

அக்கா,

எப்படி எழுதுவது என்று தெரியாமல் இரண்டு தாள்களைக் கசக்கிப் போட்டுவிட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

உன் ஊருக்கு வரும் மினிபஸ்களில் இரண்டை நேற்று சோதனைத் தடத்தில் ஓட்டிப் பார்த்தார்கள். எங்களையும் கூட்டிப்போய் வேலிக்கு வெளியே நிற்க வைத்தார்கள். ஓரத்தில் ஆள் உயரப் பொம்மை ஒன்று. அதைக் கயிற்றால் இழுத்து நடக்க வைப்பார்கள். இழுப்பவர் அப்பாவோடு அங்கே நடந்த பழைய ஆள்தான். நம் வீட்டுக்கு வருவாரே, உயரமாக, எப்போதும் குனிந்தே கதவைத் தாண்டுவாரே, அந்த மாமா. பொம்மை ஓரத்துக்கு வந்தது. ஒரு காலைக் கீழே வைத்தது. பின்னுக்கு இழுத்தது. பிறகு கடந்தது.

வண்டி வேகத்தைக் குறைக்கவே இல்லை.

இந்த வண்டிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் அக்கா. முன்னால் போகும் வண்டி பார்த்ததைப் பின்னால் வரும் வண்டிக்குச் சொல்லிவிடும். பின்னால் வந்த வண்டியும் குறைக்கவில்லை. முதல் வண்டி அதற்குச் சொல்லியிருந்தது இவ்வளவுதான்: ஓரத்தில் ஆள் நிற்கிறார், கடக்கமாட்டார். இரண்டும் பொம்மைமேல் ஏறிப் போயின. மாமா கயிற்றைக் கையில் பிடித்தபடியே நின்றார். பொம்மையின் ஒரு செருப்பு எங்கள் வேலி வரைக்கும் வந்து விழுந்தது.

கேமராவில் அழுக்கு என்றார் ஒருவர். வெயில் கண்ணில் அடித்திருக்கும் என்றார் இன்னொருவர். இரண்டு வண்டிகளின் கேமராக்களையும் துடைத்துப் பார்க்கிறார்கள், திருப்பிப் பார்க்கிறார்கள். எனக்குத் தெரியும் எதனால் என்று. காலைப் பின்னுக்கு இழுப்பவர் நின்றுவிடுவார் என்று அதற்குச் சொல்லிக்கொடுத்தது நான். மற்றவர்கள் கடப்பார் என்று அழுத்தியதை எல்லாம் என் பதில் அமுக்கிவிட்டது. பிறகு தயங்கும் மற்ற உருவங்களை எனக்கே கொடுத்தபோதும் நான் அப்பாவை நினைத்துத்தான் அழுத்தியிருக்கிறேன். நான் அப்பாவைப் பற்றி மட்டும் சரியாகச் சொன்னேன். அன்றைக்கு மரக்கடை எதிரே அப்பாவைப் பற்றிக்கூட அது சரியில்லை.

லாரிக்காரர் நினைத்ததையே நான் வண்டிக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

சொன்னால், எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். அடையாளம் தெரிந்துவிட்டது என்று ஆகிவிடும். அழித்துவிடுவார்கள். சொல்லாவிட்டால் கேமராதான் காரணம் என்று நம்பி, அந்த வண்டியை மார்ச் கடைசியில் உன் ஊர்ச் சாலையில் விட்டுவிடுவார்கள். நீ வருவது ஏப்ரலில்.

நான் என்ன செய்யட்டும்?

தங்கை


மார்ச் 12

சுண்டெலி,

பொறு.

ஒரு வாரம்தான் வித்தியாசம். பஸ் கிளம்புவது மாதக் கடைசியில். நான் வருவது அதற்கு அடுத்த வாரம். நான் பார்த்த அன்றைக்கே, நான் வாசலைத் தாண்டின உடனேயே போய்ச் சொல்லிவிடு. அதற்குள் என்ன ஆகிவிடும்? உள்ளே ஓர் ஆள் உட்கார்ந்திருப்பாராம், அவசரத்துக்கு பிரேக் போட. பலகையிலேயே எழுதியிருக்கிறது. என் பையனை அந்தப் பக்கமே அழைத்துப் போகமாட்டேன். தெரிந்தவர்களிடம் எல்லாம் சொல்லி வைக்கிறேன்.

இது நியாயமில்லை என்று எனக்கே தெரிகிறது. தெரிந்துதான் கேட்கிறேன். உனக்கு அவர் தினமும் இருந்தார். உயிரோடும் இருந்தார், அந்தத் திரையிலும் இருந்தார். வழியனுப்பவும் நீ இருந்தாய். எனக்கு இது ஒன்றுதான். ஒரு தடவை பின்னால் நின்று பார்த்துவிட்டுப் போகிறேன் என்கிறேன். நான் உன்னிடம் இதுவரை எதையாவது கேட்டிருக்கிறேனா?

மேடமே கண்டுபிடித்தால் கண்டுபிடிக்கட்டும். நீயாகப் போய்ச் சொல்லாதே. வழக்கம்போல வாயை மூடிக்கொண்டு இரு. உனக்கு அது கஷ்டமில்லையே.

இதை அனுப்பிவிட்டு வருத்தப்படுவேன். ஆனாலும் அனுப்புகிறேன்.

அக்கா


மார்ச் 26

அக்கா,

உன் கடிதம் போன வாரம் ஒருநாள் காலையில் வந்தது. வேலைக்குப் போகும் வழியில் படித்தேன். அன்று மத்தியானமே மேடம் அறைக்குப் போனேன்.

உன் கடிதத்தைப் படிக்காமலே போய்விட்டேன் என்று எழுதலாமா என்று யோசித்தேன். எழுத மனம் வரவில்லை. படித்துவிட்டுத்தான் போனேன்.

கதவருகே போய் நின்றேன். குரல் வரவில்லை. லீவு வேண்டுமா என்று கேட்டார். தலையாட்டினேன். யாராவது ஏதாவது சொன்னார்களா என்று கேட்டார். அதற்கும் இல்லை என்று தலையாட்டினேன். அவர் பேனாவை எடுத்துக்கொண்டு தன் வேலையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். அங்கே தரையில் ஒரு கம்பளம் இருந்தது. அதன் ஓரத்தை நடைபாதை ஓரமாக வைத்துக்கொண்டேன். இடது தோளைத் தாழ்த்திக்கொண்டு நடந்தேன். ஓரத்தில் நின்றேன். காலை வைத்தேன், இழுத்தேன், தேய்த்தேன். மறுபடி முதலிலிருந்து நடந்தேன்.

மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"இந்த நடைய நான் பாத்திருக்கேன்," என்றார். "யாரும்மா அது?"

"எங்க அப்பா."

"எப்போலேருந்து தெரியும்?"

"முதல் நாள்லேருந்து."

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். "உங்க அப்பா படத்துல நீ ஒண்ணுகூடத் தப்பா அழுத்தல. அதனாலதாம்மா நாங்க யாரும் திரும்பிப் பாக்கல," என்றார்.

அதற்குப் பிறகு எனக்குக் குரல் வந்தது. மரக்கடைச் சாலையைச் சொன்னேன், லாரிக்காரர் சொன்னதைச் சொன்னேன். நீ வருவதையும் சொன்னேன். அக்கா வந்து ஒரு தடவை பார்க்கும்வரை வைத்திருக்க முடியுமா என்று கேட்டேன். என் வாழ்க்கையில் ஒருவரிடம் இவ்வளவு நேரம் பேசியது இதுதான் முதல் தடவை. அவர் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். முடியாது என்று அந்தக் கையிலேயே தெரிந்துவிட்டது. இனி முகம் தெரியாத ஆள் இல்லை அவர், அதனால் வைத்திருக்க அனுமதி இல்லை என்றார்.

அழிக்கும்போது நான் அங்கே இல்லை. என் பதில்களை எல்லாம் எடுத்துவிட்டார்கள். வேறு ஆட்களை உட்கார வைத்து வண்டியை மறுபடி பழக்குகிறார்கள். பஸ் தள்ளிப்போகிறது. என்னைப் பலகைகள் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். பார்வையாளர் நாளில் நீ வந்தால் வேகத்தடைப் பலகைகளைத்தான் காட்ட முடியும்.

அந்தத் தெரு இப்போதும் வருகிறதாம். பக்கத்து மேஜைக்காரி சொன்னாள். நடைபாதையில் யாரும் இல்லையாம். படம் மட்டும் அந்த இடத்துக்கு வந்ததும் நின்றுவிடுகிறதாம். எதை அழுத்துவது என்று தெரியாமல் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்களாம்.

வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியும் என்றுதான் நானும் நினைத்தேன்.

தங்கை


ஜூன் 2

உன் கடிதத்துக்குப் பதில் எழுதக் கூடாது என்றிருந்தேன். ஏப்ரலில் லீவு போட்டதைப் போட்டபடி வீட்டில் படுத்திருந்தேன். உன்மேல் எவ்வளவு கோபம் என்றால், நீ இன்னொரு கடிதம் எழுதமாட்டாயா, அதையாவது படிக்காமல் கிழிக்கலாம் என்று காத்துக்கொண்டிருந்தேன். நீ எழுதவில்லை.

போன வாரம் பஸ் வந்துவிட்டது. ஆஸ்பத்திரிச் சாலையில் மஞ்சள் நிறத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் போகின்றன. நான் அந்தப் பக்கமே போகவில்லை. இன்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் போனேன். எதற்காக அவரைத் தூக்கிக் கொடுத்தாய் என்று பார்க்கத்தான் போனேன். வேறு நல்ல எண்ணம் எதுவும் இல்லை.

ஓரத்தில் நின்றேன். வண்டி தூரத்தில் வரும்போது தோளைத் தாழ்த்திக்கொண்டேன். காலைக் கீழே வைத்தேன். பின்னுக்கு இழுத்தேன்.

நின்றுவிட்டது, சுண்டெலி. அதன் பின்னால் வளைவுக்கு அந்தப் பக்கம் வந்த வண்டியும் நின்றது. அதிலிருந்து பார்த்தால் நான் தெரியவே மாட்டேன். முன்வண்டி சொல்லியிருக்க வேண்டும். என்னவென்று சொல்லியிருக்கும்?

நான் அசையவில்லை. அதுவும் அசையவில்லை. கார்க்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். உள்ளே பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்த பிரேக் ஆள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"ஏம்மா, போறீங்களா இல்லையா?"

"இல்ல. நீங்க போங்க."

"நான் எங்கம்மா போறது? வண்டிதான் போகணும். நீங்க அங்க நிக்கிறவரைக்கும் அது போகாது."

நான் போகமாட்டேன் என்பதை அது நம்பவே இல்லை. அப்பாவும் நான் சொன்ன எதையும் நம்பினதில்லை. ஆனால் இது நின்றது. அந்தக் கண்ணாடிக்குள் டிரைவர் உட்காரவேண்டிய இடம் காலியாக இருக்கிறது. அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அன்றைக்கு லாரியில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார், பார்த்தார், நினைத்தார். இந்த இடத்தில் யாருமே இல்லை, யாருமே எதுவும் நினைக்கவில்லை, ஆனாலும் இவ்வளவு பெரிய வண்டி என் ஒரு காலுக்காகக் காத்திருக்கிறது.

அந்த ஆள் மறுபடி தலையை நீட்டி, தெய்வமே என்பதுபோலக் கையைக் கூப்பிக் காட்டினார். இனிமேலும் நிற்க முடியாது. காலை எடுத்து வைத்தேன். இந்தத் தடவை இழுக்கவில்லை. பாதிச் சாலையில் அப்பா மரக்கடை எதிரே வந்தது இவ்வளவு தூரம்தான், இதற்குமேல் அவருக்குச் சாலை இல்லை என்று தோன்றியது. அங்கே ஒரு நிமிஷம் நின்றேனோ என்னவோ. வண்டி அப்போதும் நின்றது. அங்கிருந்து மீதியையும் நடந்தேன்.

எதிர்ப்பக்கத்தில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் போய்ச் சேர்ந்துவிட்டேன்.

அக்கா